கரையடியில் எழுந்த அம்மன்

ஈயம் தோண்டும் இடத்தை நாங்கள் லம்பம் என்போம். கோலாலம்பூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு லம்பம் இருந்த காலம் அது. லம்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஈயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு பிடி ஈயத்துக்காகக் கழுவித் தள்ளிய மண் எல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எங்கே போகும்? எங்கள் தலையில்தான் வந்து விழுந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சுங்கை பெசிப் பக்கம் ஒரு லம்பத்தில், அந்தக் கழிவு மண்ணைக் கட்டிக் காக்கும் கூட்டத்தில் வேலை செய்தோம். இத்தனை வருஷத்தில் ஈயத்தை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

முன்பெல்லாம் கழிவை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்களாம். மணல் படிந்து படிந்து ஆறு மேடாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்குள் கட்டில் மிதந்ததைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகுதான் சர்க்கார் கண்டித்து, அவரவர் கழிவை அவரவர் லம்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. வைத்துக்கொள்வது என்றால் குளம். பள்ளத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, சேற்றுத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். கனமான மணல் வந்த இடத்திலேயே நின்றுவிடும். நைசான சேறு தூரம் போய்ப் படியும். தெளிந்த தண்ணீர் மட்டும் மறுகோடியில் பலகை மதகு வழியாக வழிந்து ஆற்றுக்குப் போக வேண்டும்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சேறு இன்றைக்கும் வரும், நாளைக்கும் வரும். குளம் நிறைய நிறையக் கரையை உயர்த்த வேண்டும். கரை உயர்ந்தால், அடடா இடம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சேற்றை விடுவார்கள். லம்பத்துக்குள் தோண்டுகிறவர்கள் சீனர்கள். தோண்டி முடித்தால் அவர்கள் வேலை முடிந்தது. எங்கள் வேலைக்கு முடிவே கிடையாது. ஆண்கள் மண்ணை வெட்டிக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். பெண்கள் கூடையில் சுமந்து மேலே கொட்டுவோம். கரைச் சரிவில் புல் பதிப்பதும், வளர்ந்த புல்லை அறுப்பதும் எங்கள் வேலைதான்.

சேறு பார்ப்பதற்குச் சாது. வெயில் பட்டால் மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, சாணம் மெழுகிய தரை மாதிரி கிடக்கும். கீழே அத்தனையும் தோசை மாவுதான். எத்தனை வருஷமானாலும் இறுகாது. கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவருடைய மாடு தரை என்று நம்பி நடந்துபோய், எங்கள் கண் முன்னால் கொம்பு வரைக்கும் இறங்கிவிட்டது. கயிறு போடக்கூட யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் லம்பத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சில கட்டளைகள் போட்டிருந்தார். கரையில் மரம் முளைக்கக் கூடாது, மாடு ஏறக் கூடாது. கரையான் வளையோ எலி வளையோ கண்டால் தோண்டி இடித்து அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரையின் வெளிப்பக்கம் எங்கே ஈரம் தெரிந்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். எங்கள் மண்டோர், அதாவது கங்காணி, காலையில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் இதைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் எங்களை வேலைக்கு விடுவார். கரையில் கூடை சுமந்த எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

நாங்கள் குடியிருந்த லயம், எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், அந்தக் கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருந்தது. சமதரை, வேலைக்குப் பக்கம் என்று யாரோ கட்டிவிட்டார்கள். யாருடைய மூளையோ தெரியாது. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கரைதான் தெரியும், வானம் அதற்கு மேலே எங்கேயோ இருக்கும். நாங்கள் குடித்தது, குளித்தது, சமைத்தது எல்லாம் மதகிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரில். அது எப்போதும் சாம்பல் நிறம். துவைத்த துணி துவைப்பதற்கு முன் இருந்ததைவிட அழுக்காக இருக்கும். சோறு நறநறக்கும். வெயில் காலம் வந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். இரண்டு லயத்திலும் பிள்ளையைப் புதைக்காத வீடு குறைவு.

இந்த நிலைமையில்தான் அம்மன் வந்தாள்.

முதலில் பார்த்தது என் பக்கத்து வீட்டு அக்கா. அக்கா என்றால் உறவு இல்லை, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு ஆண் பிள்ளைகள் அவளுக்கு. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். அவள் வீட்டில் மீன் வாங்கினால் எங்கள் வீட்டிலும் குழம்பு கொதிக்கும். அவள் ஒரு நாள் கரையடியில் புல் அறுக்கும்போது, எதிர் லயத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் தண்ணீர் சுரப்பதைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அடியில் மணல் சோறு கொதிப்பதுபோலக் குதித்துக்கொண்டிருந்தது. குதித்த மணல் சுற்றிலும் படிந்து, நடுவில் வாய் வைத்த சின்னக் குவியலாக நின்றது. ஊரில் புற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்தவுடனே கை கூப்பத்தான் தோன்றும். அக்கா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டாளாம்.

அன்று சாயங்காலமே மஞ்சளும் குங்குமமும் வைத்தாயிற்று. சிவப்புத் துணி சுற்றினார்கள். மண்டோர் வந்து பார்த்தார். காலையில் ஈரம் ஈரம் என்று தொண்டை கிழியக் கத்தும் அதே மனுஷன், கன்னத்தில் போட்டுக்கொண்டு சூடம் ஏற்றினார். துரை பூட்ஸ் காலோடு வந்து மிதித்துவிடக் கூடாதே என்று, கரைப் பக்கமிருந்து தெரியாதபடி அவரே முன்னால் நின்று அத்தாப்பு ஓலைத் தட்டி கட்ட வைத்தார். ஈரத்தைச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு மறந்துபோகவில்லை. அது ஈரம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எலி வளை எலி வளைதான், அம்மன் அம்மன்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தத் தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு தண்ணீரை இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் குடித்ததில்லை. குவியலுக்குக் கீழே ஒரு சின்னக் குழி வெட்டி, வழிகிறதைக் குடத்தில் பிடித்தோம். அந்த வெயில் காலத்தில் லயத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிறு கெடவில்லை. அக்காவின் சின்னவன், எலும்பும் தோலுமாக இருந்தவன், கன்னத்தில் சதை வைத்தான். அக்காவுக்கு அம்மன் மேல் வந்த பக்தியைக் கேட்க வேண்டுமா. தினம் விளக்கு வைப்பது அவள்தான். குவியலும் வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. "அம்மா வளர்றா" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது அந்தச் சமயம்தான். பேறு பார்த்ததும் அக்காதான். தீட்டு கழியும் வரை நான் வேலைக்குப் போகக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது, முக்கியமாக அம்மன் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. நான் வாசற்படிக்கு உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து சும்மா உட்கார்ந்ததே அப்போதுதான். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர் லயத்துக் கூரை முகட்டுக்கு மேலே கரையின் உச்சி ஒரே கோடாகத் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று கயிறு பிடித்ததுபோல இணையாக இருக்கும். ஒரு நாள் பார்த்தால் நடுவில் ஓரிடத்தில் கரை தாழ்ந்திருந்தது. கொஞ்சம்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குக் கண் அப்படித்தான் மங்கும் என்றார். எனக்கும் அப்படித்தானோ என்று இருந்தது. பிறகு பெரிய மழை ஒன்று பெய்தது. மறுநாள் பார்த்தேன், இன்னும் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த இடம் அம்மனுக்கு நேர் மேலே.

அந்த மழைக்குப் பிறகு பிள்ளைக்கு மேல் எல்லாம் கொப்புளம். வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டினால் சிவந்து கத்துவாள். தீட்டு வீட்டுக்கு அம்மன் தண்ணீரை யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பிடிக்கலாம் என்றால், அவரும் தீட்டுக்காரர்தான். மத்தியானம் எல்லாரும் கரையில் இருக்கும் நேரத்தில் நானே குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். பிடித்துக்கொண்டு திரும்பும்போது அக்கா எதிரே வந்தாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

அடுத்த நாள் அம்மன் தண்ணீர் வெள்ளையாக வந்தது.

முதலில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அம்மனுக்குப் பால் சுரக்கிறது என்று வீட்டுக்கு வீடு ஆள் ஓடியது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிர் லயத்தில் ஒரு பெண் அதைப் பிள்ளை வாயில்கூட விட்டாள். பொழுது சாய்வதற்குள் பால் சாம்பல் நிறமாக மாறிவிட்டது. வாசனையும் வாய்க்கால் வாசனைதான். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்திருக்கிறாள். தீட்டுக்காரி போய்த் தொட்டாள், அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள், நம்பினதைச் சொன்னாள். ஆனாலும் அவள் வாயாலா அது வர வேண்டும்? என் பிள்ளையை முதலில் கையில் ஏந்தினவள் அவள்.

மண்டோர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டு வந்தார். முடிவு இரண்டு. ஒன்று, தீட்டு கழிந்த கையோடு நாங்கள் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும். அதுவரை எங்களோடு யாரும் பேசக் கூடாது. இரண்டாவது, அம்மனைச் சாந்தப்படுத்த வேண்டும். நல்ல களிமண்ணில் மஞ்சள் கலந்து பிசைந்து, ஊற்றின் வாயை அடைத்து, மேலே கல்லை வைத்து, அடுத்த அமாவாசை வரை அவளை உறங்க விட வேண்டும். மறுநாள் காலையிலேயே செய்வதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

வீட்டை விட்டுப் போகச் சொன்னதைக் கேட்டபோது அழுதேன். அடைக்கப் போகிறார்கள் என்றதும் அழுகை நின்றுவிட்டது. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. எத்தனை கூடை மண் சுமந்திருக்கிறேன். ஒரு கூடை கொட்டினால் எவ்வளவு குவியும் என்று என் கழுத்துக்குத் தெரியும். குவியல் வளர்ந்தது, மேலே கரை தாழ்ந்தது. இரண்டையும் அப்போதுதான் சேர்த்து நினைத்தேன். வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அம்மா வளர்றா, வளர்றான்னு சொல்றாங்களே, அந்த மண்ணு எங்கேருந்துங்க வருது?"

அவர் எழுந்தார். வாசலுக்குப் போய் நிலா வெளிச்சத்தில் கரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே இருந்தது. கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து அந்த வாய் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதை அடைத்தால் தண்ணீர் சும்மா இருக்காது. வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அதன் பின்னால் அத்தனை வருஷத்துச் சேறும் வரும். லயத்தில் அப்போது படுத்திருந்த பிள்ளைகளை நினைத்தேன். மாடு இறங்கியது ஞாபகம் வந்தது.

அவர் மண்டோரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டி செய்த காரியத்தை மறைக்க அம்மனையே கரை ஒழுகல் என்கிறாயா என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மண்டோர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் பாட்டையும் யோசித்துப் பார்க்கிறேன். துரைக்குத் தெரியாமல் தட்டி கட்டினவர் அவர். இப்போது போய் எந்த வாயால் சொல்வார்? வீட்டுக்காரர் வந்து படுத்துக்கொண்டார். "அம்மன் விசயத்துல இனி வாய வைக்காத" என்றார். அவர் பயம் அவருக்கு.

விடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் களிமண் பிசைகிற சத்தம் கேட்டது. துரை அந்த நேரத்தில் கரை மேல் கைத்தடியோடு ஒரு நடை வருவார், மண்டோர் பின்னாலேயே போவார். நான் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பெண்கள் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தீட்டோடு கரை ஏறுகிறாளே என்று யாரோ வாயில் அடித்துக்கொண்டாள். நான் நிற்கவில்லை. பெற்ற உடம்பு, பாதிச் சரிவில் மூச்சு வாங்கியது. எப்படியோ மேலே போய்ச் சேர்ந்து துரைக்கு முன்னால் நின்றேன்.

கரை ஒழுகுகிறது, கலங்கலாக வருகிறது, வந்து பாருங்கள் என்று தமிழில் சொன்னேன். துரை மண்டோரைப் பார்த்தார். மண்டோர் மலாயில் சொன்னார். பிள்ளைக்குப் பால் இல்லை, பால் டின் கேட்கிறாள் என்று சொன்னார். கடைத்தெருவில் பேசுகிற அளவு மலாய் எனக்கும் தெரியும். துரை என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கொடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்பதுபோல. மண்டோர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே நின்று வாதம் செய்யத் தெம்பு இல்லை. திரும்பிச் சரிவில் இறங்கினேன். நேராக அம்மன் இருந்த இடத்துக்குப் போய், அந்த அத்தாப்புத் தட்டியை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். இரண்டு முறை இழுத்த பிறகு கயிறு அறுந்து விழுந்தது. சிவப்புத் துணி, மஞ்சள், விளக்கு, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த மணல் குவியல், அதன் வாயிலிருந்து குபுகுபுவென்று சாம்பல் தண்ணீர். எல்லாம் துரை நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

துரை கத்தவில்லை. வேகமாக இறங்கி வந்து, உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வைத்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப்போன பிறகு கையில் மண் தங்கியது. நிமிர்ந்து கரையைப் பார்த்தார். மண்டோரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். இந்த முறை மண்டோர் சொன்னதை மாற்றாமல் சொன்னார். "எல்லாரும் லயத்த விட்டு வெளிய வாங்க. சாமான எடுக்க வேணாம், புள்ளைங்கள மட்டும் எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போங்க."

அன்று முழுக்க வேலை நடந்தது. மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குளத்துத் தண்ணீரை இறக்கினார்கள். லம்பத்தையே நிறுத்திச் சீனர்களையும் கூட்டி வந்துவிட்டார்கள். ஊற்றை அடைக்கவில்லை. அதன் மேல் முதலில் பருமணலைக் கொட்டச் சொன்னார் துரை. அதன் மேல் சரளை, அதற்கும் மேல் கருங்கல். தண்ணீர் வெளியே வரட்டும், மண் மட்டும் உள்ளேயே நிற்கட்டும் என்பதற்காக அப்படி. எங்கள் பெண்கள்தான் கூடையில் சுமந்து கொட்டினார்கள். முதல் கூடையைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அக்காதான் கொட்டினாள். விளக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அழுதுகொண்டே அம்மன் தலையில் மணலைக் கொட்டினாள். நான் மேட்டில் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சாயங்காலம் துரை வீட்டிலிருந்து பால் டின்னும் வந்து சேர்ந்தது.

ஓரிரு நாளில் கல்லுக்கு அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் வர ஆரம்பித்தது. தாழ்ந்த இடத்தை இடித்துக் கட்டினார்கள். பிறகு எல்லாரையும் லயத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார்கள். எங்களைக் காலி செய்யச் சொன்ன பேச்சை யாரும் எடுக்கவில்லை. கரை நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இனிமேலாவது விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

கல் மேட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், யாரும் கிட்டே போகக் கூடாது. கல்லுக்கு அடியில் வருகிற தண்ணீரைப் புதைகுழாய் போட்டு வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அதோடு நல்ல தண்ணீர் போயிற்று. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் போட்டுத் தருவதாகத் துரை சொன்னார். சொன்னது உண்மைதான், போட்டும் கொடுத்தார். ஆனால் குழாய் வந்து சேர்வதற்குள் வெயில் வந்துவிட்டது. பழையபடி சாம்பல் தண்ணீர், பழையபடி வயிற்றுப்போக்கு. ஒரு வருஷம் நல்ல தண்ணீர் குடித்துப் பழகின பிள்ளைகள். அக்காவின் சின்னவன் அதில் போய்விட்டான்.

சத்தம் கேட்டு ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கம்தானே. வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். என் பிள்ளை தாய்ப்பால் குடித்ததால் பிழைத்துக்கொண்டாள். அதையும் லயத்தில் பேசினார்கள். அம்மன் ஊற்றுக்கண்ணை மூடியவள் பிள்ளை மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறது என்றார்கள். எங்களைப் போகச் சொல்ல அதற்குப் பிறகு யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. நாங்களே போய்விட்டோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம்.

வருஷங்கள் போன பிறகு ஒரு நாள் காய்கறி வாங்கப் போன பாசாரில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தாள். கூட ஒரு வாலிபன், பெரியவன் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்பா ஜாடை. அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள், ஆனால் நகர்ந்துவிடவில்லை. யார் என்று பையன் கேட்டதற்கு, லயத்தில் பக்கத்து வீடு என்று சொன்னாள். அவன் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போனான். கிள்ளானில் துறைமுகத்தில் வேலை செய்கிறானாம், தாயைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருக்கிறானாம். நல்ல பிள்ளை. என் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். தலையை ஆட்டினாள்.

"என் சின்னவன் இருந்தா இப்ப இவன் தோளுக்கு வந்திருப்பான்" என்றாள்.

அவன் சாவுக்கு நான் ஒரு விதத்தில் காரணம்தான். அதை நான் மறுத்ததே இல்லை. ஆனால் அத்தனை வருஷமாக எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு பேச்சு இருந்தது. அவளிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அன்று சொல்லிவிட்டேன்.

"அந்தக் கரை ஒடஞ்சிருக்கும் அக்கா. நீங்க, இவன், நான், எம் பொண்ணு, லயத்துல ஒருத்தர் மிஞ்சியிருக்க மாட்டோம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"ஒடையலயே" என்றாள்.

பையன் வெற்றிலையோடு வந்தான். பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வெயில் ஏறிவிட்டிருந்தது. அம்மா மேல் வெயில் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, அவளை ரயில் ஸ்டேஷன் பக்கம் மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனான்.